காற்றின் பெயர் கொண்ட விமானம்

காஜாங்கிலிருந்து கடல் தெரியாது. கொமுட்டர் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, கிள்ளானையும் தாண்டித் துறைமுக நிலையத்தில் இறங்கினால்தான் உப்புக்காற்று முகத்தில் படும். ஆனாலும் இந்த ஊர்த் தமிழர்களில் பலருடைய குடும்பக் கதை கடலில்தான் தொடங்குகிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ 'ரஜூலா' கப்பலில் ஏறி, வங்காள விரிகுடாவைக் கடந்து, பினாங்கைத் தொட்டு, அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, காஜாங், செமினி பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதில் வந்த பெரியவர்கள் அலையையும் வாந்தியையும் பற்றிச் சொல்வார்கள். அலைக்கு அடியில் என்ன இருந்தது என்று யாரும் பேசிக் கேட்டதில்லை.

அடியில் நீர்மூழ்கிகள் இருந்தன. இரண்டாம் உலகப்போரில் பினாங்குத் துறைமுகமே ஜப்பானிய, ஜெர்மானிய நீர்மூழ்கிகளின் தளமாக இருந்தது. 1971-இல் இந்திய விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி ஒரு பாகிஸ்தானிய நீர்மூழ்கி வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. அந்தக் கப்பலின் தளத்தில் அப்போது ஒரு விமானம் இருந்தது. மூக்கில் ஒற்றைக் காற்றாடி, வயிற்றில் ரேடார், உள்ளே மூன்று பேர். பெயர் அலீசே. வெப்பமண்டலக் கடல்களில் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் வீசும் வணிகக் காற்றுக்குப் பிரெஞ்சு மொழியில் அதுதான் பெயர். இந்த அத்தியாயம் அந்த விமானத்தைப் பற்றியது.

அதற்கு முன் நீர்மூழ்கி எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் அணுசக்தி இல்லாத நீர்மூழ்கிக்கு இரண்டு உயிர். நீருக்கு மேலே டீசல் எஞ்சின், நீருக்கு அடியில் மின்கலம். டீசல் எரியக் காற்று வேண்டும். ஆகவே மின்கலம் தீரத்தீர அது மேலே வந்தாக வேண்டும். இல்லையென்றால் ஸ்னார்கல் என்ற மூச்சுக்குழாயையாவது நீருக்கு வெளியே நீட்டியாக வேண்டும். மின்கலத்தில் வேகமாக ஓடினால் ஓரிரு மணி நேரத்தில் சரக்குத் தீர்ந்துவிடும். 1971-இல் விரிகுடாவுக்கு வந்த 'காஸி' அமெரிக்காவின் டென்ச் வகையைச் சேர்ந்தது. மணிக்கு 2 கடல்மைல் என்ற நடைவேகத்தில் போனால் அது 48 மணி நேரம் அடியிலேயே இருக்கும். இரண்டு பகல், இரண்டு இரவு போயும் கடந்த தூரம் 96 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 178 கிலோமீட்டர். காஜாங்கில் புறப்பட்டு மலாக்காவைத் தாண்டி மூவார் போய்ச் சேரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் அதே தூரத்தை அரை மணியில் கடந்துவிடும்.

இந்தக் கணக்கில்தான் விமானத்தின் பலம் இருக்கிறது. வானத்தில் ரேடார் சுற்றிக்கொண்டிருந்தால் நீர்மூழ்கி மூச்சுக்குழாயை நீட்டப் பயப்படும். நீட்டாவிட்டால் மின்கலம் தீரும். மின்கலத்தை மிச்சம்பிடிக்க மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போனால் இரையைத் துரத்த முடியாது, தன் வேலையைச் செய்ய முடியாது. ஒரு குண்டுகூடப் போடாமல், ஒன்றையும் கண்ணால் பார்க்காமல், மேலே சுற்றிக்கொண்டே இருப்பதால் மட்டும் ஒரு விமானம் நீர்மூழ்கியை முடக்கிவிடலாம். இத்தகைய விமானங்களை அவை மூழ்கடித்த எண்ணிக்கையால் அளப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1944 ஆகஸ்டில் நடந்த ஒரு வேட்டை இதற்கு நல்ல சாட்சி. இந்தியப் பெருங்கடலில் யூ-198 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கி வணிகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. 'ஷா' என்ற பிரிட்டிஷ் துணை விமானந்தாங்கிக் கப்பலின் அவெஞ்சர் விமானம் அதைக் கண்டுபிடித்தது. நீர்மூழ்கி உடனே மூழ்கியது. விமானத்தால் அதைக் கொல்ல முடியவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது, இனி அதனால் வெகுதூரம் ஓடவும் முடியாது. ஆகஸ்ட் 12 அன்று சீஷெல்ஸ் தீவுகளுக்கு அருகே 'ஃபைண்ட்ஹார்ன்' என்ற பிரிட்டிஷ் கப்பலும், அன்றைய இந்தியக் கடற்படையின் 'கோதாவரி'யும் அதை மூழ்கடித்தன. 'ஷா'வின் அவெஞ்சர்கள் 1945 மே மாதம் மலாக்கா நீரிணையில் ஜப்பானின் 'ஹகுரோ' போர்க்கப்பலைத் தாக்கின. அன்றிரவே பினாங்குக்குத் தென்மேற்கே பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல்கள் ஹகுரோவை முடித்தன. நம் கடலுக்கு இந்தக் கதை ஒன்றும் அந்நியமானதல்ல.

போர் முடிந்தபின் பொறியாளர்கள் முன் ஒரு கடினமான புதிர் நின்றது. நீர்மூழ்கி வேட்டைக்குப் போகும் விமானம் தாழப் பறக்க வேண்டும், மெதுவாகப் பறக்க வேண்டும், மணிக்கணக்கில் பறக்க வேண்டும். ரேடார், ஒலி கேட்கும் கருவிகள், டார்பிடோ, இவற்றையெல்லாம் இயக்க ஆட்கள் என்று எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். அத்தனையும் சுமந்துகொண்டு, நீளம் குறைந்த, ஆடிக்கொண்டிருக்கும் தளத்தில் இறங்கவும் வேண்டும். அமெரிக்கர்கள் முதலில் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். கார்டியன் விமானங்கள் ஜோடியாகப் போகும், ஒன்று தேடும், மற்றது தாக்கும். 1952 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்த டிராக்கர், இரண்டு எஞ்சின்களோடு அந்த இரு வேலைகளையும் ஒரே உடலில் சேர்த்தது.

பிரிட்டனின் கேனட் வேறு வழியில் போனது. இரண்டு டர்பைன் எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு காற்றாடிகளோடு இணைத்தார்கள். தேடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் ஓர் எஞ்சினை அணைத்துவிட்டு மற்றதில் மிதப்பார்கள். எரிபொருள் மிச்சமாகும். இறங்கும் நேரம் வந்ததும் அணைத்ததை மறுபடி கிளப்புவார்கள். எனக்கு இந்தத் தீர்வு மிகவும் பிடிக்கும். வீட்டில் ஆள் இல்லாத அறையின் விளக்கை அணைக்கிற புத்தி அது. இந்தோனேசியக் கடற்படையும் கேனட் வாங்கியது. மலேசியா உருவானதை இந்தோனேசியா எதிர்த்த கொன்ஃபுரொந்தாசிக் காலத்தில், நமக்கு எதிரே நின்ற அந்தக் கடற்படையிடம் சோவியத் நீர்மூழ்கிகளும் இருந்தன, நீர்மூழ்கி வேட்டை விமானமும் இருந்தது.

அலீசே பிறந்த விதம் இன்னும் வினோதம். பிரான்சின் பிரேகே நிறுவனம் 1951-இல் 'வுல்த்தூர்' என்ற தாக்குதல் விமானத்தைப் பறக்கவிட்டது. மூக்கில் காற்றாடியைச் சுழற்றும் டர்போபிராப் எஞ்சின், வாலில் ஒரு ஜெட் எஞ்சின். சாவகாசமாகப் போக முன்னது, பாய்ந்து தாக்கப் பின்னது. கடற்படைக்கு அந்தத் தாக்குதல் விமானம் வேண்டாமென்று ஆகிவிட்டது. ஆனால் நீர்மூழ்கி வேட்டைக்கு ஒன்று வேண்டியிருந்தது. பொறியாளர்கள் வாலிலிருந்த ஜெட் எஞ்சினைக் கழற்றினார்கள். காலியான இடத்தில் ரேடாரை வைத்தார்கள். தேவைப்படும்போது வயிற்றுக்குக் கீழே இறங்கித் தேடும், வேலை முடிந்ததும் உள்ளே ஏறிக்கொள்ளும் உருண்டையான கூண்டு அது. இப்படித் திருத்தித் திருத்தி உருவான அலீசே 1956 அக்டோபர் 6 அன்று முதன்முறை பறந்தது.

அதன் எஞ்சின் ரோல்ஸ்ராய்ஸ் டார்ட். சுபாங் விமான நிலையத்தில் ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் விமானங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எஞ்சினின் கூர்மையான கீச்சுச் சத்தம் நினைவிருக்கும். பயணிகளை ஏற்றிப்போன அதே டார்ட்தான் நீர்மூழ்கி வேட்டைக்கும் போனது. ஏன் டர்போபிராப்? தாழ்வான உயரத்தில் ஜெட் எஞ்சின் எரிபொருளைக் குடித்துத் தள்ளும், மணிக்கணக்கில் சுற்ற முடியாது. பழைய பிஸ்டன் எஞ்சின் சிக்கனமானது, ஆனால் அதற்கு வேண்டியது பெட்ரோல். கப்பலின் வயிற்றில் பெட்ரோல் தொட்டிகளை வைத்திருப்பது தீயோடு குடித்தனம் நடத்துவது. டர்பைன் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும், காற்றாடியோ தாழ்வான இடத்தில் திறமாக இழுக்கும். இரண்டின் நல்லதும் அதில் சேர்ந்தது. அலீசேயால் ஐந்து மணி நேரம் சுற்ற முடிந்தது.

இறக்கையின் விரிவு 15.6 மீட்டர். மடித்தால் பாதிக்கும் குறைவு, ஏழு மீட்டர். வயிற்றுப் பெட்டியில் ஒரு டார்பிடோ அல்லது மூன்று ஆழ்நீர் வெடிகுண்டுகள். இறக்கைகளில் சக்கரங்கள் மடிந்து உட்காரும் தடித்த உறைகள் இருக்கும். மற்ற விமானங்களில் அந்த உறை வெறும் உறைதான். அலீசேயில் அதன் முன்பகுதிக்குள் சோனோபாய்களை அடுக்கினார்கள். சோனோபாய் என்பது ஒலி மிதவை. கடலில் விழுந்ததும் மேற்பகுதி மிதந்து வானொலி அலையை அனுப்பும், கீழ்ப்பகுதி கம்பியில் தொங்கி நீருக்கடியில் காது கொடுத்துக் கேட்கும். இப்படிச் சில காதுகளைக் கடலில் விதைத்துவிட்டு விமானம் மேலே சுற்றும். எந்தக் காதில் சத்தம் பலமாக விழுகிறது, எதில் மெலிகிறது என்று உள்ளே இருப்பவர் கணித்துக்கொண்டே இருப்பார். ஓர் அங்குல இடத்தைக்கூட வீணாக்காத வடிவமைப்பு அது.

இந்தியா இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் 'விக்ராந்த்'. பிரிட்டனில் பாதி கட்டிய நிலையில் நின்றுபோன 'ஹெர்குலிஸ்' கப்பலை வாங்கி, முடித்து, 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் கடற்படையில் சேர்த்தார்கள். அதே மாதம் 21-ஆம் தேதி, தெற்குப் பிரான்சின் இயேர் நகரில் 310-ஆம் படைப்பிரிவு அலீசேக்களோடு தொடங்கியது. நாகத்தின் பெயர் கொண்ட அந்தப் பிரிவு 'கோப்ராஸ்' என்று அழைக்கப்பட்டது. கப்பலில் சீஹாக் ஜெட் விமானங்களும் இருந்தன. அவை பகலில் பாய்ந்து தாக்கிவிட்டுத் திரும்பும். இரவிலும் நெடுநேரமும் கடலைக் காப்பது அலீசேயின் வேலை.

பத்தாண்டுகள் கழித்து, 1971 இந்திய-பாகிஸ்தான் போரில், சோதனை வந்தது. போருக்கு முன்பே விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டார்கள். கப்பலின் வேகம் குறைந்தது. விமானந்தாங்கிக் கப்பலுக்கு வேகம் என்பது ஓடி ஒளிவதற்கு மட்டுமல்ல. கப்பல் காற்றை எதிர்த்து ஓடினால்தான் தளத்தின் மேல் காற்று வீசும். அந்தக் காற்று இறக்கைக்கடியில் புகுந்தால்தான் பாரமேற்றிய அலீசே எழும்பும். வணிகக் காற்றின் பெயர் கொண்ட விமானத்துக்கே காற்றுப் பஞ்சம். மூன்று கொதிகலன்களை நம்பிக் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. கொதிகலன்களுக்கு எஃகுப் பட்டை கட்டிப் பலப்படுத்தினார்கள். கேப்டன் சுவராஜ் பிரகாஷ் தலைமையில் கப்பல் சென்னைக் கடலுக்கு வந்து பயிற்சி செய்தது. போர் நெருங்கியபோது அந்தமான் தீவுகளில் மறைவான ஓர் இடத்தில் நங்கூரமிட்டுக் காத்திருந்தது.

காஸி நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டு விக்ராந்தைத் தேடி வந்தது. விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் இருப்பதாக நம்பவைக்கக் கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன் பொய்யான வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தார். டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில் காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே வெடித்து, அதிலிருந்த அனைவரோடும் மூழ்கியது. 'ராஜ்புத்' கப்பல் போட்ட வெடிகுண்டுகளால் என்று இந்தியா சொல்கிறது. அதுவே இட்ட கண்ணிவெடியால் என்று பாகிஸ்தான் சொல்கிறது. எப்படியானாலும் 4-ஆம் தேதி காலை விக்ராந்தின் சீஹாக்குகள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அடுத்து வந்த நாட்களில் சிட்டகாங், குல்னா, மோங்லா என்று துறைமுகங்கள் தாக்கப்பட்டன. இரவுத் தாக்குதல்களுக்கு அலீசேக்கள் போயின. நீர்மூழ்கிக்காகச் செய்த விமானம் குண்டு சுமந்து துறைமுகங்களுக்கு மேலே பறந்தது.

மேற்கே கதை துயரமாக முடிந்தது. டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு வெளியே நீர்மூழ்கியைத் தேடிப்போன 'குக்ரி' கப்பலை, பாகிஸ்தானின் 'ஹங்கோர்' நீர்மூழ்கி டார்பிடோவால் மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். இந்த நிகழ்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். கப்பல் நீர்மூழ்கியைத் தேடிப்போனால், அது நீர்மூழ்கியின் கைக்கெட்டும் தூரத்துக்குள் தானே நடந்து போகிறது. டார்பிடோ வானத்துக்கு வராது. விக்ராந்த் கிழக்கே இருந்தது, மேற்குக் கடலில் விமானந்தாங்கி இல்லை. மறுநாள், டிசம்பர் 10 அன்று, கரைத்தளத்திலிருந்து மேற்குக் கடலில் ரோந்து போன ஓர் அலீசேயைப் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஜெட் சுட்டு வீழ்த்தியது. அசோக் ராய், சிரோஹி, விஜயன் ஆகிய மூவரும் திரும்பவில்லை. நீர்மூழ்கிக்கு எமனான மெதுவேகம், ஒலியைவிட இரு மடங்கு விரைவாகப் பறக்கும் ஜெட்டுக்கு முன் அவர்களுக்கே எமனானது. காவலுக்குப் போகும் விமானத்துக்கும் ஒரு காவல் வேண்டும்.

இனிக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேட்டையில் பாதி வெற்றி கடலின் கையில் இருக்கிறது. ஒலி நீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். நம் கடல்களைப் போல 29 பாகை வெப்பமுள்ள மேல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர். ஆழம் போகப்போக நீர் குளிரும், வேகம் குறையும். வேகம் குறைந்த பக்கமாக ஒலி வளையும். ஒரு பக்கச் சக்கரம் மணலில் புதைந்த மாட்டுவண்டி அந்தப் பக்கமாகத் திரும்புவதைப் போல. மேலே மிதக்கும் காதுக்கு வர வேண்டிய சத்தம் இப்படிக் கீழே வளைந்து போய்விட்டால், வெப்பநிலை சட்டென்று மாறும் அடுக்குக்குக் கீழே நிற்கும் நீர்மூழ்கி நிழலில் ஒளிந்ததற்குச் சமம். வங்காள விரிகுடாவின் வடபகுதி இதிலும் தனி ரகம். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு பாய் விரித்ததுபோல் கிடக்கும். குளிர்காலத்தில் சில இடங்களில் மேல்நீர் அதற்குச் சற்றுக் கீழுள்ள நீரைவிடக் குளிர்ந்தும் போகும். அட்லாண்டிக்கில் கற்ற பாடம் அங்கே அப்படியே செல்லாது.

மலாக்கா நீரிணை இன்னும் வேறு. கிள்ளானுக்கு வெளியே உள்ள மணல்திட்டுகளுக்கு அருகே ஆழம் இருபது முப்பது மீட்டர்தான். நீர்மூழ்கி ஒளிய இடம் குறைவு, ஆனால் காதுக்கும் அமைதி குறைவு. இரவும் பகலும் கப்பல்களின் இரைச்சல். அதோடு சொடுக்கு இறால் வேறு. விரல் நீளங்கூட இல்லாத அந்த உயிர் தன் பெரிய கொடுக்கைப் படாரென்று மூடும்போது ஒரு நீர்க்குமிழி உண்டாகி நொறுங்கும். அந்த நொறுங்கலின் சத்தம்தான் நமக்குக் கேட்பது. வெப்பமண்டலக் கரையோரங்களில் ஆயிரமாயிரமாக அவை சொடுக்கும்போது, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோன்ற ஓயாத ஒலி. இரண்டாம் உலகப்போரிலேயே சோனார்காரர்களின் காதை அது அடைத்தது. 2009 செப்டம்பரில் மலேசியாவின் முதல் நீர்மூழ்கியான 'துங்கு அப்துல் ரஹ்மான்' பிரான்சிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தபோது நம் மக்கள் திரண்டு வரவேற்றார்கள். அதன் நிரந்தர வீடு சபாவில், ஆழமான கடலுக்குப் பக்கத்தில் அமைந்ததில் வியப்பில்லை.

அலீசேயின் காலம் மெல்ல முடிந்தது. சீகிங் ஹெலிகாப்டர்கள் 1971-லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஹெலிகாப்டர் ஓரிடத்தில் நின்று, சோனாரைக் கயிற்றில் கட்டி, வெப்ப அடுக்குக்குக் கீழேயே இறக்கிக் கேட்கும். மிதவையால் முடியாத வேலை அது. 1980-களின் இறுதியில் விக்ராந்தின் தளத்தில் முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த ஏவுமேடையை அமைத்தார்கள். சீஹாரியர் ஜெட் விமானங்களுக்கு அது வசதி, அலீசேக்கு அங்கே இடமில்லை. 1991-இல் 310-ஆம் பிரிவு டோர்னியர் விமானங்களுக்கு மாறியது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் அரக்கோணத்தில் 'ராஜாளி' தளம் திறந்தது. அங்கிருந்து 2017 வரை டுபோலேவ் விமானங்கள் வங்காள விரிகுடாவைக் காத்தன, 2013 முதல் பி-8ஐ விமானங்கள் காத்துவருகின்றன. கப்பலால் சுமக்கவே முடியாத பெரிய விமானங்கள் அவை. பிரான்ஸ் தன் கடைசி அலீசேக்களை 2000-இல் நிறுத்தியது. அமெரிக்காவின் நீர்மூழ்கி வேட்டை விமானமான வைக்கிங் 2009-இல் கப்பல்தளத்தை விட்டு இறங்கியது. 2022-இல் வந்த புதிய விக்ராந்திலும் நீர்மூழ்கி வேட்டை ஹெலிகாப்டர்களின் பொறுப்பு. ஹெலிகாப்டர் நல்ல காது. ஆனால் ஐந்து மணி நேரம் சுற்றிக் கப்பலிலிருந்து வெகுதொலைவில் ஒரு நீர்மூழ்கியைத் தலைதூக்கவிடாமல் வைத்திருக்க அதனால் ஆகாது. அந்த இழப்பை இன்னும் எதுவும் முழுமையாக ஈடுகட்டவில்லை என்பது என் கருத்து.

பழைய விக்ராந்த் 2014-இல் உடைக்கப்பட்டது. அலீசே தப்பித்தது. கோவாவுக்குப் போனால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போய்வாருங்கள். அங்கே வெயிலில் ஓர் அலீசே நிற்கிறது. எல்லோரும் அதன் காற்றாடியோடு படமெடுத்துக்கொள்வார்கள். நீங்கள் குனிந்து இறக்கைக்குக் கீழே சக்கர உறையின் முன்பகுதியைப் பாருங்கள். காதுகளை அங்கேதான் வைத்திருந்தார்கள்.